அந்தோனிப்பிள்ளை போட்ட ஹிட்

செவன் ஹில்ஸ் ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால், கிடங்குகளின் வரிசை முடிகிற இடத்தில் ஒரு பேஸ்போல் மைதானம் வரும். பந்தை அடிப்பவன் நிற்கும் இடத்துக்குப் பின்னால் உயரமான கம்பிவலை. வலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சிறு கூண்டு. ஏழு கோடைகாலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூண்டில் இருந்து ஆட்டப் புத்தகம் எழுதியவர் அந்தோனிப்பிள்ளை. அந்த மைதானத்துக் கழகத்தில் எல்லோருக்கும் அவர் ‘டோனி’.

மன்னாரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருந்தவர். 2012 ஒக்டோபரில் பத்தொன்பது நாள் படகில் வந்து அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கொக்கோஸ் தீவில் இறங்கினார். அப்போது மனைவி பவளராணிக்கு முப்பத்தைந்து வயது, மகள் வினுஷாவுக்கு ஆறு. ஒரு வருடத்தில் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் தனியாக வந்தார். அகதி விண்ணப்பத்தை மறுத்தார்கள், மறுபரிசீலனையிலும் மறுத்தார்கள், நீதிமன்றமும் தள்ளிவிட்டது. பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை புதுப்பிக்கும் தற்காலிக விசாவில் காலம் போயிற்று. இந்தக் கதை நடந்த 2025 பெப்ரவரியில் அவருக்கு ஐம்பத்தாறு வயது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் காலை ஆறிலிருந்து இரண்டரை வரை வேலை. மகளைத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்துப் பன்னிரண்டு வருடம் தாண்டியிருந்தது.

பேஸ்போல் அவருக்கு வந்து சேர்ந்தது வெயிலால். நான்கு ஆண்கள் சேர்ந்து இருந்த வாடகை வீட்டில் கோடையில் பகலில் இருக்க முடியாது. தேவாலயத்தில் பூசை முடிந்து வரும் வழியில் மைதானத்து மர நிழலில் உட்கார்ந்துவிடுவார். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கிரிக்கெட் தெரிந்த கண்ணுக்கு இது பாதியில் ஓடிப்போகிற விளையாட்டாகத் தெரிந்தது. விளங்க வேண்டுமென்று ஒரு கொப்பியில் மைதானத்தை அளவாக வரைந்து, பந்து போன பாதை, ஓடியவன் நின்ற இடம் எல்லாவற்றையும் பென்சிலால் குறிக்கத் தொடங்கினார். ஆட்டப் புத்தகம் எழுதிய பெண் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபோன சமயம், கழகத் தலைவர் வெய்ன் அந்தக் கொப்பியை எட்டிப் பார்த்தார். வெய்ன் குழாய் வேலைக்காரர், பருமனான மனிதர், அதிகம் பேசமாட்டார். கொப்பியைப் புரட்டிவிட்டு, “அடுத்த வாரம் நீ கூண்டுக்குள் இரு” என்று மட்டும் சொன்னார்.

விதிப் புத்தகத்தை வெய்ன்தான் கொடுத்தார். தேநீர் இடைவேளைகளில் அகராதியோடு அதைப் படித்து முடிக்க அந்தோனிப்பிள்ளைக்கு மூன்று மாதம் பிடித்தது. புத்தகம் எழுதுபவருக்கான அத்தியாயம் ஒன்பதாவது. அதை மட்டும் நான்கு தடவை படித்தார். அடித்தவன் தன் அடியின் பலத்தால், ஓடிச் சேரவேண்டிய முதல் முனையான முதல் பேஸை எட்டினால் அது ஹிட். பிடிக்கவேண்டியவன் பிசகியதால் எட்டினால் அது எரர், பிடிக்க நின்றவனின் பிழை. இரண்டிலும் ஓடியவன் நிற்பது அதே இடத்தில்தான். ஆனால் எழுத்து வேறு. எது என்று தீர்மானிப்பது நடுவர் அல்ல, கூண்டுக்குள் இருப்பவர். ஒரு சராசரி ஆட்டக்காரன் சாதாரண முயற்சியில் அந்தப் பந்தைப் பிடித்திருப்பானா என்று தன்னையே கேட்டுக்கொண்டு அவர் எழுத வேண்டும். எந்த அலுவலகத்திலும் தன் பெயரில் ஒரு தீர்மானமும் எடுக்க முடியாத அந்த மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை அந்த அதிகாரம் இருந்தது.

அவர் அதைக் கண்டிப்பாகவே நடத்தினார். மூன்றாவது கோடையில் கழகத்துக்காகப் பந்து எறிந்த பிட்சர் ஒருவன் ஒன்பது சுற்றில் ஏழு இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்டும் கொடுக்காமல் எறிந்துகொண்டிருந்தபோது இடியும் மழையும் வந்து ஆட்டம் அத்தோடு முடிந்தது. பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார்கள். அந்தோனிப்பிள்ளை நனைந்த புத்தகத்தோடு வந்து நின்று, இது ‘நோ ஹிட்டர்’ ஆகாது என்றார். நோ ஹிட்டர் என்றால் ஒன்பது இன்னிங்ஸும் எறிந்து முடிய வேண்டும். இருபத்தேழு பேரை வெளியேற்றிய பிறகும் ஹிட் கணக்கில் பூச்சியம் நிற்க வேண்டும். இடையில் யாராவது எரரால் பேஸுக்குப் போகலாம், தவறான பந்துகளால் இலவசமாகவும் போகலாம், அது பரவாயில்லை. ஆனால் ஏழோடு நின்றது நின்றதுதான். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், பிறகு சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவரை ‘ஜட்ஜ்’ என்று கூப்பிட்டவர்களும் உண்டு.

கழகம் தொடங்கி நாற்பத்தொரு வருடத்தில் ஒருவர்கூட நோ ஹிட்டர் எறிந்ததில்லை. கொட்டகைச் சுவரில் மரப்பலகையில் பொன்னெழுத்துச் சாதனைப் பட்டியல் இருந்தது. அந்தத் தலைப்பின் கீழ் மட்டும் வெறும் மரம்.

கெல்லிவில்லில் இருந்த ஹரிப்பிரியா என்ற குடிவரவு வழக்கறிஞர் சனிக்கிழமைகளில் டூங்காபியில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு வந்து படகில் வந்தவர்களின் கோப்புகளைப் பார்த்துக் கொடுப்பாள். சென்னைக்காரி, முப்பத்தெட்டு வயது. அமைச்சர் தலையிட வேண்டும் என்று கேட்கும் மனு ஒன்றுதான் அந்தோனிப்பிள்ளைக்கு மிச்சமிருந்த வழி.

“அங்கிள், உங்களைத் தெரிஞ்ச ஆஸ்திரேலியக்காரங்ககிட்ட சப்போர்ட் லெட்டர் வாங்குங்க. ஃபேக்டரில ஒண்ணு வந்தாச்சு. சர்ச்ல ஒண்ணு. கிளப்ல யாராவது தருவாங்களா?”

“தலைவர் இருக்கிறார். கேக்கிறதுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு, பிள்ளை.”

“கேளுங்க. பெப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை நான் ஃபைல் பண்ணப்போறேன்.”

அவர் வெய்னிடம் கேட்டார். ஏழு வருடத்தில் முதல்முறையாகத் தன் விசா விஷயத்தை அந்த மைதானத்தில் வாய்விட்டுச் சொன்னார். வெய்ன் கேட்டுக்கொண்டு நின்றார். “எழுதித் தருகிறேன்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரியின் மூன்றாவது ஞாயிறு அன்று வெப்பம் முப்பத்தொன்பது பாகை. அன்று கழகத்துக்காக எறிந்தவன் லூக், வெய்னின் ஒரே மகன், இருபத்தாறு வயது. தோளில் இரண்டு முறை சத்திரசிகிச்சை செய்து, ஒன்றரை வருடம் பந்தைத் தொடாமல் இருந்து, அந்தக் கோடையில்தான் திரும்பி வந்திருந்தான். முன்பு போல வேகமாக எறிய முடியாது. மெதுவான பந்தால் ஏமாற்றப் பழகியிருந்தான்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தபோது அந்தோனிப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்தார். எதிரணிக்கு ஓட்டம் இல்லை, ஹிட் இல்லை. ஏழாவது முடிந்தபோதும் அப்படியே. கழகத்துப் பையன்கள் லூக்கின் பக்கத்தில் போய் உட்காரவில்லை, ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் போய்விடும் என்று அவர்களிடையே ஒரு நம்பிக்கை. கூண்டுக்குள் அந்தோனிப்பிள்ளைக்குப் பக்கத்தில் எதிரணியின் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தவள் டெனிஸ், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இருவரும் பல வருடமாகப் பக்கத்தில் இருந்து எழுதியவர்கள். சொந்த மைதானத்துக்காரர் எழுதுவதே அதிகாரபூர்வமானது. மற்றப் புத்தகம் ஒப்புப்பார்க்க. எட்டாவது முடிந்தபோது டெனிஸ் தன் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவரும் வாங்கிக் குடித்தார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். கழகம் மூன்று ஓட்டத்தால் முன்னுக்கு நின்றது. முதலாமவன் ஆட்டமிழந்தான். இன்னும் இருவர்.

இரண்டாமவன் அடித்த பந்து தரையில் இரண்டு தடவை குதித்து மூன்றாவது பேஸில் நின்ற கழகத்துப் பென் என்பவனை நோக்கிப் போயிற்று. பென் ஒரு அடி இடப்பக்கம் எடுத்து வைத்தான். பந்து அவனுடைய கையுறைக்குள் போய், வெளியே துள்ளி விழுந்தது. பாய்ந்து எடுத்து எறிந்தான். அதற்குள் ஓடியவனின் கால் முதல் பேஸில் பட்டுவிட்டது.

 இரண்டு அணிக்காரர்களும் வலைப் பக்கம் திரும்பிக் கூண்டைப் பார்த்தார்கள். லூக் மட்டும் திரும்பவில்லை, தரையைக் காலால் கிளறிக்கொண்டு நின்றான். வெய்ன் வேலியோரம் இரண்டு கையையும் கம்பியில் வைத்தபடி நின்றார். அவரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே அவர் முகத்தை அந்தப் பக்கம் வைத்திருந்ததாக அந்தோனிப்பிள்ளைக்குத் தோன்றிற்று.

அந்தச் சில விநாடியில் பந்து அவர் மனதில் இல்லை. வெய்ன் எழுதித் தருவதாகச் சொன்ன காயிதம்தான் இருந்தது. எரர் போட்டால் நோ ஹிட்டர் உயிரோடு இருக்கும். தலைவரின் மகன். தலைவரிடம் அவர் காயிதம் கேட்டிருக்கிறார். நாளைக்கு யாராவது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்? அவருடைய கை புத்தகத்தில் ஹிட் அடையாளத்தைப் போட்டது.

“என்ன கொடுத்தாய், டோனி?” டெனிஸ் கேட்டாள்.

“ஹிட்.”

அவள் பென்சிலை நிறுத்தினாள். “நிச்சயமாகவா? நான் எரர் என்று எழுதப் பார்த்தேன்.”

“ஹிட்,” என்றார் மறுபடி. எழுந்து போய் ஓட்டக் கணக்குப் பலகையில் எதிரணியின் ஹிட் கட்டத்தில் பூச்சியத்தைக் கழற்றி ஒன்றை மாட்டினார். எங்கோ ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். பென் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். லூக் அடுத்த இருவரையும் பத்துப் பந்துக்குள் வெளியேற்றினான். மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஆட்டம் முடிந்தது. வென்ற அணி மாதிரி யாரும் நடந்து வரவில்லை.

அவர் புத்தகத்தில் ஒப்பமிட்டுக்கொண்டிருந்தபோது வெய்ன் கூண்டு வாசலுக்கு வந்தார்.

“உன் தீர்மானம், டோனி. அவ்வளவுதான்,” என்றார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து மடித்த கடித உறை ஒன்றை எடுத்து நீட்டினார். “வியாழக்கிழமையே எழுதிவிட்டேன். உன்னிடம் தர மறந்துபோனேன். சரியாக இருக்கிறதா பார்.”

வீட்டுக்கு நடந்து போகும் வழியில், மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் படியில் உட்கார்ந்து அவர் அதைப் பிரித்தார். கழகத்தின் முத்திரைத் தாளில் ஒரு பக்கம். ஏழு வருடமாக ஒரு ஆட்டம் தவறாமல் வந்தவர் என்று எழுதியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குச் சாதகமாக ஒருமுறைகூட எழுதாதவர் என்றும், தன் வீட்டுச் சாவியை இந்த மனிதரிடம் கொடுப்பேன் என்றும் இருந்தது. திகதி வியாழக்கிழமை. அவர் ஹிட் போடுவதற்கு மூன்று நாள் முன்பே அந்தக் காயிதம் எழுதப்பட்டிருந்தது.

வீட்டில் கபிலன் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். முப்பத்துநான்கு வயது, அதே தொழிற்சாலை, அதே மாதிரி விசா. கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் பந்தின் வீடியோவைப் போட்டிருந்தார்கள். அந்தோனிப்பிள்ளை கதிரையை இழுத்துப்போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பந்து ஒழுங்காகக் குதித்து வந்தது. புல்லில் படவில்லை, கல்லில் படவில்லை. பென்னுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. பந்து கைக்கு வருமுன் அவன் தலையைத் தூக்கி ஓடுபவனைப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான்.

கபிலனும் எட்டிப் பார்த்தான். “என்னண்ணை இது, கைக்குள்ள வந்து விழுந்த பந்தெல்லோ. எனக்கே விளங்குது.”

“ஓம். எரர்தான்.”

“பிறகேன் ஹிட் போட்டனீங்கள்?”

அந்தோனிப்பிள்ளை தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். “பயத்திலடா. எரர் போட்டா, காயிதத்துக்காகப் போட்டவன் எண்டு சொல்லுவினம் எண்டு பயந்து போட்டிட்டன். அந்தப் பெடியன் ஒண்டரை வருசம் கையைத் தூக்கேலாமக் கிடந்து வந்தவன். அவன்ரையை நான் பறிச்சுப்போட்டன்.”

“மாத்தேலாதோ?”

“இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள்ள மாத்தலாம். விதி இருக்கு.”

“அப்ப மாத்துங்கோவன்.”

“காயிதம் இப்ப என்ர கையில கிடக்கு. வாங்கிப்போட்டு மாத்தினவன் எண்டுதானே வரும்.”

கபிலன் அடுப்பைக் குறைத்தான். “அண்ணை, நான் ஒண்டு சொல்லட்டே? உதை விடுங்கோ. ஆரும் சாகேல்லை. அது ஒரு விளையாட்டு.”

அவரால் விட முடியவில்லை. திங்கட்கிழமை வேலைத்தளத்தில் அட்டைகளை அடுக்கியபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தார். மாற்றாவிட்டால் புத்தகத்தில் தன் கையெழுத்தின் கீழ் ஒரு பொய் இருக்கும். மாற்றினால் உண்மை இருக்கும், ஆனால் அது பொய் மாதிரித் தெரியும். இரண்டரைக்கு வேலை விட்டது. பஸ் தரிப்பிடத்தில் நின்று தொலைபேசியில், போட்டிகளை நடத்தும் லீக்கின் பதிவாளருக்கு நாலு வரி எழுதினார். ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் அடி சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடியது, என் முதல் தீர்மானம் பிழை, மூன்றாவது பேஸ் ஆட்டக்காரருக்கு எரர் என்று மாற்றுகிறேன். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அனுப்பினார். காலக்கெடுவுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதிவாளரின் பதில் வந்தது. மாற்றம் ஏற்கப்பட்டது, ஒன்பது இன்னிங்ஸ், ஹிட் பூச்சியம், அதிகாரபூர்வமான நோ ஹிட்டர். வெய்ன் தொலைபேசி எடுத்தார்.  “லூக்கிடம் சொன்னேன். பின்வளவுக்குப் போய்த் தனியாக நிற்கிறான்,” என்றார். பலகைக்குப் பொன்னெழுத்து எழுதுகிறவனிடமும் அன்றே சொல்லிவிட்டாராம். அன்றைய பகல் முழுக்க அந்தோனிப்பிள்ளை இலகுவாக இருந்தார். பவளராணிக்கு எடுத்து, அவளுக்கு விளங்காது என்று தெரிந்தும், பந்து வந்த பாதையை முதலிலிருந்து சொன்னார்.

புதன்கிழமை எதிரணிக் கழகத்தின் செயலாளர் லீக்குக்கு ஆட்சேபம் எழுதினார். ஆட்டம் முடிந்ததும் தலைவர் கூண்டுக்கு வந்து, புத்தகம் எழுதுபவரின் கையில் ஒரு கடித உறை கொடுத்ததை எங்கள் ஆட்கள் நால்வர் கண்டார்கள். அடுத்த நாள் தீர்மானம் மாறியிருக்கிறது. அந்த உறையில் என்ன இருந்தது?

வியாழன் மாலை ஆறரைக்கு லீக் அலுவலகத்தில் மூவர் குழு இருந்தது. வெய்ன்தான் அவரைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தோனிப்பிள்ளை பூசைக்குப் போடும் நீளக்கைச் சட்டை போட்டிருந்தார். இந்த நாட்டில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருக்க, இந்தப் பக்கம் தனியாக இருந்து கேள்விக்குப் பதில் சொல்வது அவருக்குப் புதிதல்ல. அந்த விசா விசாரணை அறைகளில் போலவே இங்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குவளை இருந்தது.

மூவரும் மரியாதையாகவே பேசினார்கள். அவர் உறையை எடுத்து மேசையில் வைத்தார். ஒருவர் மாற்றி ஒருவர் காயிதத்தை வாசித்தார்கள். வாசித்த பிறகு அவரைப் பார்க்கச் சங்கடப்பட்டார்கள்.

தலைமை வகித்த பெண் கேட்டாள்: “ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் எடுத்தபோது, தலைவர் இதை உங்களுக்காக எழுதுகிறார் என்று தெரியுமா?”

“தெரியும்.”

“திங்கட்கிழமை மாற்றியபோது இது உங்கள் கையில் இருந்ததா?”

“இருந்தது. ஆனால் நான் முதலில் எழுதியதுதான் பிழை, மேடம். இந்தக் காயிதத்துக்குப் பயந்துதான் ஹிட் எழுதினேன்.”

“பயந்தா?” என்றார் ஒருவர். “காயிதம் உங்களுக்கு உதவிதானே?”

  வீடியோவைப் பாருங்கள் என்றார் அந்தோனிப்பிள்ளை. பார்த்தோம் என்றார்கள். எரர் போலத்தான் இருக்கிறது, ஆனால் பந்தைப் பற்றிய தீர்மானம் எங்கள் வேலை இல்லை, அது புத்தகம் எழுதுபவருடைய வேலை என்றார்கள். டெனிஸ் தானாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். முதல் பார்வையிலேயே நானும் எரர் என்றுதான் நினைத்தேன் என்று எழுதியிருந்தாள். அதையும் வாசித்தார்கள். அவளுடைய புத்தகம் அதிகாரபூர்வமானதல்ல.

கால் மணிநேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கூப்பிட்டார்கள். உங்கள் நேர்மையில் எங்களுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை என்று தொடங்கினாள் அந்தப் பெண். அந்த வசனம் கேட்டதுமே மிச்சம் என்ன வரும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதும் முக்கியம். ஆகவே மாற்றம் செல்லாது, முதல் தீர்மானம் நிற்கும், ஒரு ஹிட். இந்தக் கோடை முடியும் வரை அவர் புத்தகம் எழுதக்கூடாது. முடிவை எழுத்தில் தந்தார்கள்.

வெய்ன்தான் அவரைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் வானை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தார். “ஞாயிற்றுக்கிழமையே எரர் போட்டிருக்கலாமே, டோனி,” என்றார் கடைசியில். கோபமாகச் சொல்லவில்லை. அந்தோனிப்பிள்ளை தலையை ஆட்டினார், இறங்கினார்.

அடுத்த நாள் காலையே அவர் ஹரிப்பிரியாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். அன்றுதான் அவள் குறித்துவைத்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம் இருந்தது. 

“அங்கிள், கான்பெரால மினிஸ்டர் ஆபீஸ்ல யாரும் ஒரு பேஸ்பால் மேட்ச் பத்திக் கேக்கப்போறதில்ல. ஆனா லெட்டர்ல நீங்க அவங்களுக்குச் சாதகமா ஒருதரம்கூட எழுதினதில்லன்னு இருக்கு. லீக் முடிவுல அவங்களுக்குச் சாதகமா நீங்க மாத்தினது செல்லாதுன்னு இருக்கு. எனக்குத் தெரிஞ்சப்புறம் நான் லெட்டரை மட்டும் தனியா வைக்க முடியாது. ரெண்டுல ஒண்ணு, லெட்டரை எடுத்துடலாம். இல்ல, ரெண்டையும் வச்சு நீங்க ஒரு விளக்கம் எழுதலாம்.”

“எது நல்லம், பிள்ளை?”

“நிஜமாச் சொல்றேன், எனக்குத் தெரியல.”

அவர் யோசித்தார். “ரெண்டையும் வையுங்கோ. நடந்ததைத்தானே எழுதப்போறன்.”

நான்கு நாள் வேலை முடிந்து வந்து விளக்கத்தை எழுதினார். மைதானத்தை அளவாக வரைந்து, பென் நின்ற இடம், பந்து குதித்த இரண்டு இடம் எல்லாவற்றையும் குறித்து இணைத்தார். அந்தப் படம் தேவையில்லை என்று ஹரிப்பிரியாவுக்குத் தெரியும். இருந்தாலும் அவள் அதை எடுத்துவிடவில்லை.

மார்ச் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் லூக் தேடி வந்தான். வாசற்படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். கபிலன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனான்.

“எனக்கு அப்போதே தெரியும். பந்து பென்னுடைய கையுறையில் பட்ட சத்தம் கேட்டது,” என்றான் லூக். “நீ ஹிட் போட்டதும் ஏன் என்று யோசித்தேன். அப்பா காயிதம் எழுதியது எனக்குத் தெரியாது.”

“என்னை மன்னித்துக்கொள்.”

“அதை விடு.” லூக் இடது கையால் வலத் தோளை அழுத்திக்கொண்டான். “தோள் மறுபடி வீங்கியிருக்கிறது. போன வாரம் ஸ்கான் எடுத்தேன். இனி எறிய வேண்டாம் என்கிறார்கள்.”

 லூக் தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவித்தான் தருவேன் என்று பிடிவாதமாகக் குசினிக்குள் போய்க் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

ஜூலை நடுவில், மைதானத்தில் ஆட்டம் இல்லாத குளிர்காலத்தில், குடிவரவுத் திணைக்களத்தின் பதில் வந்தது. ஒரு பக்கம். உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது, வழிகாட்டு நெறிகளுக்குள் அது அடங்கவில்லை, ஆகவே அமைச்சரின் பார்வைக்கு அனுப்பப்படவில்லை. வெய்னின் காயிதத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. லீக் முடிவைப் பற்றியும் இல்லை, அவருடைய படத்தைப் பற்றியும் இல்லை. யாராவது அவற்றைத் திறந்து பார்த்தார்களா என்று கேட்டபோது, கேட்க வழியில்லை என்றாள் ஹரிப்பிரியா. அன்று அவள் மண்டபத்திலிருந்து வழக்கத்தைவிட முந்திப் போய்விட்டாள்.

மாலையில் அவர் பவளராணிக்கு எடுத்தார். பதிலைத் தமிழில் சொன்னார். அவள் திரும்பச் சொல்லச் சொன்னாள், சொன்னார்.

“அந்த வெள்ளைக்காரன்ர காயிதத்தைப் பாத்தவங்களாமோ?”

“அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை.”

“நல்ல காயிதம் எண்டு சொன்னனீங்களே.”

“ஓம். நல்ல காயிதம்.”

அங்கே மோட்டார்ச் சைக்கிள் ஒன்று போகும் சத்தம் கேட்டது. பவளராணி அது போய் முடியும் வரை பொறுத்திருந்தாள்.

“இனி என்ன செய்யிறது?”

“பழைய விசாவை இன்னொரு ஆறு மாசத்துக்குத் தருவாங்கள். வேலைக்குப் போகலாம்.”

“பிறகு?”

“பிறகு திரும்பக் கேக்கலாம். பிள்ளை எங்க?”

“அவள் வகுப்புக்குப் போட்டாள். வர ஏழு மணியாகும். உங்களுக்கு அது நித்திரைச் சாமம்.”

“அப்ப நாளைக்கு எடுக்கச் சொல்லும்.”

“நாளைக்கும் வகுப்பு,” என்றாள் பவளராணி. “ஞாயிற்றுக்கிழமை எடுக்கச் சொல்லுறன். ஞாயிறில நீங்கள் அந்த விளையாட்டுக்குப் போயிடுவியள், என்ன?”

“இல்லை,” என்றார் அந்தோனிப்பிள்ளை. “வீட்டிலதான் இருப்பன்.”